மணி கேட்டால் சொல்லுங்கள்: சாத்தனூர்க் கல்மரத்துக்கு ஒரு பயணம்

இக்கட்டுரையில் வருபவை:

1. போன காரணமும் காலமும்.
2. திருச்சியிலிருந்து பாடாலூர் வரை, கரி பஸ்ஸில்.
3. சாத்தனூர்க் கல்மரம்: வழி, வண்டி, பார்க்கத் தகுந்த வேளை.
4. முன்முடிவு அறியாமையில் பிறப்பது, அறிந்தால் போய்விடுவது என்பதற்கு வழியில் கண்ட சான்று.
5. வாலிகண்டபுரம், அரியலூர்.
6. போக இருப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

இந்தத் தலைப்புகளைப் பெரம்பலூர்ச் சத்திரத்தில் உட்கார்ந்து எழுதினேன். பயணத்தின் முக்கியமான பகுதி முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன். முடியவில்லை. ஆயினும் தலைப்புகளை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

சாத்தனூரில் மரம் ஒன்று கல்லாகிக் கிடப்பதாக நம் வாசகசாலையில் சில மாதங்களாகவே பேச்சு. சித்திரை விடுமுறையில் அன்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போய்ப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. வழி, செலவு, தங்குமிடம் எல்லாவற்றையும் முன்னதாக ஒருவர் போய் அறிந்து வரவேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கல்லூரியில் முப்பது வருஷம் தர்க்கம் கற்பித்து ஓய்வு பெற்றவன், எதையும் அளந்து குறித்து வைப்பவன், வீட்டில் வேறு வேலை இல்லாதவன் என்பது காரணம். துணிச்சலான ஆள் வேண்டும் என்று யாரும் நினைத்திருந்தால் என்னை அனுப்பியிருக்கமாட்டார்கள். மாசி மாதம் பௌர்ணமிக்கு முதல்நாள் புறப்பட்டேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இதில் நான் சொல்லும் மணி எல்லாம் புது மணி. யுத்தத்தை முன்னிட்டுச் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறதே, அந்த மணி. கிராமங்களில் இன்னும் பலர் பழைய மணியைத்தான் சொல்கிறார்கள். யார் எந்த மணியைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஒரு மணி வித்தியாசம் சாதாரணமானதென்று நான் நினைத்திருந்தேன்.

திருச்சியில் பஸ் ஏழே முக்காலுக்குப் புறப்பட வேண்டியது. எட்டரைக்குப் புறப்பட்டது. பெட்ரோல் கிடைக்காத காலம் ஆதலால் எல்லாம் கரி பஸ். பின்னால் கட்டியிருக்கும் உருளையில் கரியைப் போட்டு, கிளீனர் காற்றாடியைச் சுற்றுசுற்றென்று சுற்றி நெருப்பை உண்டாக்கி, அந்த வாயுவில் வண்டி ஓடவேண்டும். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சமயபுரம் வரை ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு மேட்டில் நின்றுவிட்டது.

"கொஞ்சம் எறங்கி நடங்க, வண்டிக்கு மூச்சு வாங்குது" என்றான் கிளீனர்.

"எங்களுக்கும்தான் வாங்குது. எங்கள யார் எறக்கி வுடறது?" என்றாள் கூடைக்காரி ஒருத்தி.

"யுத்தம் முடியட்டும் ஆத்தா. பெட்ரோல் ஊத்தினா பறந்துடும் பாரு."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

எல்லாரும் சிரித்துக்கொண்டு இறங்கி நடந்தோம். பாடாலூருக்கு இருபத்திரண்டு மைல், கட்டணம் பத்தணா, இறங்கியபோது மணி பத்தேகால். மேல்சட்டையில் கரி படும். வெள்ளை உடை வேண்டாம்.

பாடாலூரிலிருந்து சாத்தனூர் கிழக்கே ஏழு மைல். பஸ் கிடையாது, மாட்டு வண்டிதான். காபி கிளப்பில் விசாரித்தேன். கடைக்காரர் தம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மாசி மகத்துக்கு வண்டியெல்லாம் போயிருச்சு சார். அய்யாக்கண்ணு வண்டி ஒண்ணுதான் நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆளு நல்லவன்தான். ஆனா அவன் இன்ன சாதி. பையைக் கையிலேயே வெச்சுக்குங்க. நான் சொன்னேன்னு வேணாம்."

அவர் சொன்னது, குற்றப் பரம்பரை என்று சர்க்கார் பட்டியலில் சேர்த்திருக்கும் சாதிகளில் ஒன்று. அதன் பெயரை நான் எழுதவில்லை. பெயரைப் படித்த உடனே படிப்பவர் மனத்தில் என்ன நடக்குமோ அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

"உங்களிடம் ஏதாவது எடுத்திருக்கிறானா?" என்று கேட்டேன்.

"சேச்சே, என்கிட்ட இல்லீங்க. பதினஞ்சு வருசமாத் தெரியும், ஒரு கரண்டி கூடக் காணாமப் போனதில்ல. பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொல்வது எப்படித் தவறு என்று முப்பது வருஷம் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். கேட்டுக்கொண்டு, பையைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அய்யாக்கண்ணுவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நரை தட்டிய மீசை. போய்த் திரும்ப இரண்டரை ரூபாய் என்றான். நான் பேரம் பேசவில்லை. மயிலை, செவலை என்று இரண்டு மாடுகள். அவற்றோடு ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான்.

"ஏ செவல, சாமிக்கு இடுப்பு நோவுது, பாத்துப் போ. சர்க்கார் ரோடுன்னு நெனப்பா ஒனக்கு?"

வழி வறண்ட பூமி. பருத்தி எடுத்து முடிந்த கரிசல், நடுவில் வேல முள். சில இடங்களில் வயலிலேயே சிப்பி கிடக்கிறது. கடல் எங்கேயோ இருக்க, சிப்பி இங்கே எப்படி என்று கேட்டேன். "அது எப்பவோ கடல் இங்க வந்துட்டுப் போச்சாம் சாமி. அளக்க வந்த தொரைங்க சொன்னாங்க. எங்களக் கேட்டா, மழையில மொளைக்குதும்போம்" என்று சிரித்தான்.

பாதி வழியில் கேட்டான்: "மணி என்னங்க சாமி?"

மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றபோது மாணவர்கள் சேர்ந்து கொடுத்தது. பன்னிரண்டு என்று சொன்னேன்.

திரும்பிப் பார்த்தான். "நல்ல கடியாரங்க. தங்கமா?"

"முலாம்தான்" என்றேன். உள்ளே வைத்து, வேட்டி மடிப்பை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினேன். காபி கிளப்காரர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ஒரு மனிதன் என் கடிகாரத்தைப் பாராட்டினான் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

ஒன்றேகாலுக்குச் சாத்தனூர். ஊரைத் தாண்டி ஓடைப் பக்கம் அரை மைல் நடக்கவேண்டும். மரம் சரிவில் படுத்துக் கிடக்கிறது. என் நூலால் அளந்ததில் அறுபதடிக்குச் சற்றுக் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் போன வாரக் காற்றில் விழுந்தது போல இருக்கிறது. பட்டையின் வரி, கணுவின் சுழி எல்லாம் அப்படியே. தொட்டால்தான் கல்லின் குளிர்ச்சி. மரத்தின் ஒவ்வொரு துணுக்கும் போக, அந்த இடத்தில் கல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். உருவம் மட்டும் மரத்தினுடையது. உள்ளே மரம் துளியும் இல்லை. மனிதனுடைய சில எண்ணங்களும் இப்படித்தான் என்று அங்கே உட்கார்ந்து நினைத்தேன். யோசித்து முடிவு செய்ததைப் போன்ற உருவம். தட்டிப் பார்த்தால் யோசனை இராது. இது பிறரைப் பற்றிய சிந்தனையாகவே அப்போது எனக்குத் தோன்றியது.

கொண்டுபோன புளிச்சோற்றை ஓடைக்கரையில் சாப்பிட்டேன். அய்யாக்கண்ணு சற்றுத் தள்ளி உட்கார்ந்து கூழைக் குடித்தான். பிறகு அளவும் குறிப்புமாக நான் வேலையில் இறங்கினேன். சுற்றளவை மூன்று இடத்தில் அளந்தேன். சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன். அவன் எழுந்து வந்து நின்றான்.

"மணி என்ன இருக்கும் சாமி?"

"இருக்கு, இன்னும் நேரம் இருக்கு" என்றேன், மடியைத் தொடாமல்.

கொஞ்ச நேரத்தில் மாடுகளைப் பூட்டிவிட்டு வந்தான். "கெளம்பலாங்களா? மணி பாத்துச் சொன்னீங்கன்னா தேவலை."

ஒருவன் ஒரே நாளில் மூன்று முறை மணி கேட்டால், அவனுக்கு மணி வேண்டும் என்பது முதல் ஊகமாக இருக்கவேண்டும். எனக்கு அது ஊகமாகவே வரவில்லை. கடிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறான் என்றுதான் வந்தது.

"கடிகாரம் நின்றுபோய்விட்டது" என்று சொன்னேன்.

என்னை ஒரு கணம் பார்த்தான். "சரிங்க" என்றான். நான் வண்டியில் ஏற முடியாமல் தடுமாறியபோது இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினான். அந்தக் கை மடியில் பட்டதும் கடிகாரத்தைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது உண்மையில் மணி ஐந்தரை ஆகப்போகிறது. வெயில் நன்றாகவே இருந்தது. ஒரு மைல் வந்ததும் அவன் வண்டியை நிறுத்தி, இடப்பக்கம் முள்ளுக்குள் போகும் ஒரு தடத்தைக் காட்டினான். "இப்படிப் போனா ஒண்ணரை மைல் மிச்சங்க சாமி. நேரமாச்சு."

"வேண்டாம், வந்த வழியே போகலாம்."

"ராத்திரி இல்லீங்க, பகல்தான. ஒண்ணும் பயமில்ல."

பயமில்லை என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "வந்த வழியே போ" என்று உரக்கச் சொன்னேன். அவன் மாடுகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். வாலை முறுக்கி ஓட்டினான். வரும்போது அடிக்காதவன் இப்போது இரண்டு முறை அடித்தான்.

பாடாலூருக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது அவனுடைய ஊர் வருகிறது. அதன் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திக் குதித்தான்.

"சாமி, தப்பா நெனைக்காதீங்க. வண்டியிலயே இருங்க. ஓடிட்டு வந்துடறேன்."

மாட்டையும் வண்டியையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஆட்களைக் கூட்டிவரத்தான் போகிறான் என்று நினைத்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே மனிதர் நடமாடும் இடத்துக்குப் போய்விடவேண்டும் என்று அவன் ஓடிய திக்கிலேயே வேகமாக நடந்தேன். வேறு தெரு இல்லை.

தெருக்கோடியில் ஊர்ச் சாவடி. வாசலில் இருபது இருபத்தைந்து ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நாற்காலியில் கிராம முனிசீப்; பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்ற ஒரு போலீஸ்காரர். அவர்கள் முன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, அய்யாக்கண்ணு.

"வாங்க தொரை. மாமியா வூட்டு விருந்து முடிஞ்சுதா?" என்றார் போலீஸ்காரர்.

"வாடகைக்குப் போயிருந்தேங்க. பாஸ் இருக்குங்க."

"பாஸு ஏழு மணி வரைக்கும். இப்ப மணி என்ன?"

"தெரியலைங்க."

"தெரியலையா? உள்ள போயி ஆறு மாசம் உக்காந்தா தெரிஞ்சுடும்."

சாவடிச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஏழு இருபது. மேற்கே இன்னும் வெளிச்சம் போகவில்லை. அப்போதுதான் எல்லாம் ஒன்றாக எனக்கு விளங்கியது. பட்டியலில் உள்ள சாதியின் ஆண்கள் நாள்தோறும் ஆஜராகிப் பெயர் சொல்லவேண்டும், வெளியூர் போகப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்ற சட்டத்தை நான் படித்திருக்கிறேன். அது பற்றி விவாதித்தும் இருக்கிறேன். பழைய மணியில் ஏழு என்றால் நன்றாக இருட்டிவிடும். இருட்டுவதற்குள் வந்தால் போதும் என்று இவர்கள் வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புது மணியில் ஏழு வெளிச்சத்திலேயே வந்துவிடுகிறது. வானத்தை நம்பி ஒரு கால் மணி பிசகினால் ஜெயில். அதனால்தான் அவனுக்குக் கடிகாரம் வேண்டியிருந்தது.

"ஏற்கெனவே ஒரு தரம் உள்ள போனவன்தானே?" என்றார் முனிசீப்.

"அப்ப சம்சாரத்துக்குப் பிரசவங்க எசமான். வுட்டுட்டு வர முடியல."

"அது அப்பச் சொன்ன கதை. இப்ப என்ன கதை?"

"சாமியோட கடியாரம் நின்னுபோச்சுங்க. நேரம் தெரியல."

என் பொய்யை அவன் தன் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் பேச நேர்ந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பறை தவிர வேறெங்கும் அப்படித்தான். ஆனால் நான் பேசாவிட்டால் ஆறு மாதம். முன்னால் போய் நின்றேன்.

என் சட்டையையும் கண்ணாடியையும் பார்த்து முனிசீப் எழுந்துவிட்டார். "வாங்க சார், உக்காருங்க. ஏன் நிக்கிறீங்க?"

"தாமதம் என்னால். இவன் பேரில் தப்பில்லை."

"அப்படியா? சார் சொன்னாச் சரிதான்" என்று அந்த இடத்திலேயே போலீஸ்காரரிடம் திரும்பினார். "ஆஜர்னு போட்டுக்குங்க." நான் யார், எந்த ஊர் என்றுகூட அவர் கேட்கவில்லை. தம் ஊரில் பிறந்து வளர்ந்தவனுடைய சொல்லை நம்பாதவர், என் பெயரே தெரியாமல் என்னை நம்பினார்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கணக்கு நேர்படவேண்டும் என்கிற என் வழக்கம் விடவில்லை. "கடிகாரம் நிற்கவில்லை. அவன் மணி கேட்டான். நான் பொய் சொன்னேன். குறுக்கு வழி போகலாம் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன்."

"ஏன் சார்?"

"பயந்தேன்."

முனிசீப் சிரித்தார். அது பரிகாசம் அல்ல. என்னைத் தேற்றும் சிரிப்பு.

"பயப்படாம எப்படி சார் இருக்க முடியும்? நியாயந்தானே. வயசானவங்க, தனியா வேற." அய்யாக்கண்ணு பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? பெரிய மனுசங்க ஒன் வண்டியில ஏறவே பயப்படறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இல்ல பதில் சொல்லணும்? இனிமே வெளியூர் வாடகைக்குப் பாஸ் கெடையாது."

"எசமான், வண்டி ஓடலைன்னா வூட்ல அடுப்பு எரியாதுங்க."

"உள்ளூர்ல சாணி அடி, எரு அடி. யாராச்சும் பெரிய மனுசங்க ஒனக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டாப் பாக்கலாம்."

"அவன் ஒரு தப்பும் செய்யவில்லையே" என்றேன்.

"செய்யலைதான் சார். ஆனா..." என்றார். காபி கிளப்காரர் சொன்ன அதே 'ஆனா'. யாராவது பொறுப்பு ஏற்றால் என்று அவர் சொன்னபோது என்னைத்தான் பார்த்தாரோ என்னவோ. நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி அவனை ஜெயிலிலிருந்து காப்பாற்றினேன். அதே உண்மையால் அவன் பிழைப்பு போயிற்று. முனிசீப்பின் சொந்த வண்டியில் என்னைப் பாடாலூருக்கு அனுப்பிவைத்தார்கள். கடைசி பஸ்ஸில் பெரம்பலூர் வந்து சத்திரத்தில் தங்கினேன்.

அங்கேதான் தலைப்புகளை எழுதினேன். நான்காவதை எழுதியபோது மனம் சற்று ஆறியது. அவனை அறியாமல் பயந்தேன், அறிந்ததும் பயம் போயிற்று, இனி இப்படி நேராது என்று ஒரு பாடமாக முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை வாலிகண்டபுரம் போனேன். பெரம்பலூரிலிருந்து வடக்கே பத்து மைலுக்குச் சற்றுக் குறைவு. பஸ் கட்டணம் ஐந்தணா. பழைய சிவன் கோயில். தூண்களை நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். வாலி இங்கே பூஜை செய்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே நாம் குற்றவாளி என்று தீர்த்துவிடுகிறவன், இங்கே பக்தன். அர்ச்சகர் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

பெரம்பலூர் திரும்பி, மதியம் அரியலூர் பஸ். இருபது மைல், ஒன்பதணா. அரியலூர் ஸ்டேஷனில் திருச்சி வண்டி தாமதம் என்றார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். சலவைச் சட்டை, கோட்டு, கையில் குடை வைத்திருந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மணி என்ன சார் ஆறது?"

கடிகாரத்தை எடுத்துச் சொன்னேன். பார்க்க நன்றாக இருக்கிறதே என்றார். சங்கிலியோடு கழற்றி அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்மூடியைத் திறந்து பார்த்தார். "தங்கமா?" என்றுகூடக் கேட்டார். நான் அப்போது ரயில் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் திரும்ப என் கைக்கு வந்தபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. அந்த மனிதருடைய பெயர், ஊர், தொழில் எதுவும் எனக்குத் தெரியாது.

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. டிக்கெட் வீண். இதைத் துணிச்சல் என்று அன்பர்கள் எண்ணவேண்டாம். ஏறியிருந்தால் வீட்டில் தூக்கம் வராது என்ற பயம்தான். இரவு அரியலூரில் தங்கி, காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து பாடாலூர், பிறகு அய்யாக்கண்ணுவின் ஊருக்கு நடை.

முனிசீப் ஆச்சரியப்பட்டார். "இவனுக்குப் பொறுப்பா? சார், நல்லா யோசிச்சீங்களா?"

"யோசித்தேன்."

"ஒரு நாள்தானே அவனைத் தெரியும் உங்களுக்கு?"

"உங்களுக்கு நாற்பது வருஷமாகத் தெரியுமே, நீங்கள் ஏற்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். போட்டேன். மறுநாளிலிருந்து பாஸ் என்றார்.

அய்யாக்கண்ணு எரு அடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கூடையைக் கீழே வைத்தான்.

"பொறுப்புன்னா என்னங்க சாமி? நான் ஓடிட்டா ஒங்களப் புடிச்சுப்பாங்களா?"

"அப்படித்தான் போலிருக்கிறது."

"அப்ப ஓடக்கூடாது" என்றான். சிரித்தானா இல்லையா என்று தெரியவில்லை. "மாட்டுக்குச் சூடு போடறாங்க, எங்களுக்குக் கைரேகை புடிக்கிறாங்க. நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறீங்க. எல்லாம் ஒரே ஆபீஸ்தான் போல."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வாய் வேறொன்றைக் கேட்டது. "ஆஜர் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எறங்கிடுவாங்க சாமி. எத்தனை பேரு எறங்கியிருக்காங்க. நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"கடிகாரம் நிற்கவில்லை என்பது சாவடியில்தான் உனக்குத் தெரிந்தது, இல்லையா?"

"இல்லீங்க. ஒங்களத் தூக்கி ஏத்தினப்பவே தெரியும். மடியில டிக்டிக்னு கேட்டுச்சு."

"பின் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா?" என்றான். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். "கடியாரம் ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அப்பறம் நான் என்னன்னு சொல்றது?"

இனி யோசனைகள். சித்திரையில் வெயில் கடுமை. குடையும் தண்ணீர்க் கூஜாவும் அவசியம். முதல் பஸ்ஸில் பாடாலூர் வந்துவிடுங்கள். கல்மரத்தைப் பார்க்க மதியத்துக்கு முன் நல்ல வெளிச்சம். நூலும் அடிக்கோலும் நான் கொண்டுபோனேன். அளவுகளை வாசகசாலையில் வைத்திருக்கிறேன், யாரும் மறுபடி அளக்கவேண்டாம். பெரம்பலூர்ச் சத்திரத்தில் பத்துப் பேர் தங்கலாம், போர்வை கொண்டுபோகவும். பாடாலூரில் மயிலையும் செவலையும் பூட்டிய வண்டி எது என்று கேளுங்கள். காபி கிளப்பில் கேட்கவேண்டாம். சாத்தனூரிலிருந்து புது மணி மூன்றரைக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். குறுக்கு வழி நல்ல வழியாம், அதிலேயே வாருங்கள். வண்டிக்காரன் மணி கேட்டால் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே அவ்வப்போது பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

மேலே நான்காவதாக எழுதியிருப்பது தவறு. அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். பெரம்பலூரில் அதை எழுதிவிட்டு நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பது எனக்கு நினைவிருக்கவேண்டும். அறியாதவனைக் கண்டு நான் பயப்படவில்லை. அரியலூரில் பெஞ்சில் இருந்தவரைத்தான் அறியேன்; அவர் கையில் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அய்யாக்கண்ணுவைப் பற்றி எனக்கு ஒரு சொல் தெரிந்திருந்தது. அது தெரிந்ததால் பயந்தேன்.